டிரம்மர் இல்லாதபோதும் ஓடிய பாட்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடமிருந்து சுட்டது. அவள் ஒலிப்பதிவாளர். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். கடைசியில், "இதை எழுதித் தொலைச்சிடாதடா" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் மறந்தே போயிருப்பேன்.

2

முதல் ஆரம்பம்: "இடியென முழங்கிய கிதாருக்கு நடுவே அந்த முதிய சிங்கம்—"

சீ. அவருக்கு முழங்கால் வலி. சிங்கமாவது ஒன்றாவது.

இரண்டாவது ஆரம்பம்: "த்ராஷ் மெட்டல் என்பது ராக் இசையில் வேகமும் கோபமும் மிகுந்த ஒரு—"

பரீட்சைக்கா எழுதுகிறேன்? நேராகவே சொல்லிவிடுகிறேன். பழைய த்ராஷ் மெட்டல் குழு ஒன்று புது ஆல்பம் பதிவு செய்கிறது. பழைய ஆட்களில் மிச்சம் ஒருவர்தான், கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லோரும் புதுசு. பழைய டிரம்மர் அவருடைய சொந்தத் தம்பி. பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வரும் கோரஸ் நெருங்கும்போது தம்பி பாட்டை ஓட்டிவிடுகிறான், அதாவது வேகம் கூட்டிவிடுகிறான் என்று மேடையிலேயே திட்டி, குழுவைவிட்டு அனுப்பியவர் இவர். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அம்மா வீட்டுக்குக்கூட ஆளுக்கொரு நாளாகப் போகிறார்கள்.

(அம்மா விஷயம் அக்கா சொன்னதல்ல, நான் சேர்த்தது. ஆனால் நம்பிவிட்டீர்கள்தானே?)

3

புது டிரம்மர் ஒரு பெண். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள், பதிவுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. கோரஸ் நெருங்கியதும் பாட்டு ஓடியது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஓடியது.

"அவன் வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சாம்மா?" என்றார் பெரியவர். "அவனையாவது தம்பியாச்சேன்னு கொஞ்ச காலம் பொறுத்துக்கிட்டேன். நாளைக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

"நான் உங்களைப் பார்த்துதான் சார் வாசிக்கிறேன்" என்றாள் அவள்.

"என்னைப் பார்த்தா? நல்லா இருக்கு கதை! டிரம்மரைப் பார்த்து நாங்கதான் வாசிக்கணும்."

[இங்கே அவரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். காரணம், அக்கா சொன்ன ஒரு சங்கதி. தம்பி வாசித்த பழைய ஆல்பத்தைப் புது டிரம்மருக்குப் போட்டுக்காட்டி, "இந்த இடத்துல அவன் கை என்ன பண்ணுது பாரு!" என்று பூரித்துப்போய்ச் சிரித்தாராம். வில்லன் அப்படிச் சிரிக்க மாட்டான்.]

4

அக்காவுக்குப் பொறி தட்டியது. இரண்டு டிரம்மர்கள், ஒரே இடத்தில் ஒரே ஓட்டம். இருவருக்கும் பொதுவான ஆள் யார்?

பெரியவரைத் தவிர எல்லோரையும் காற்று வாங்கிவிட்டு வரச் சொன்னாள். "சார், கிதார் மட்டும் தனியா ஒருதடவை வாசிங்க. சவுண்டு பார்த்துக்கறேன்" என்று ஒரு பொய். தாளம் பிசகாமல் இருக்க, காதில் டக் டக் என்று எண்ணிக்கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. பெரியவருக்கு அது ஆகவே ஆகாது. அதை ஆரம்பத்தில் மட்டும் அவருக்குக் கேட்கவிட்டு, பிறகு தன் ஹெட்போனோடு நிறுத்திக்கொண்டாள்.

அறையில் டிரம்மரே இல்லை. கோரஸ் நெருங்கியது. பாட்டு ஓடியது.

பதிவானதை அக்கா டக் டக்கோடு சேர்த்து அவருக்குப் போட்டுக்காட்டினாள்.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம் சார். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேம்மா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "என்னைத் தனியா விட்டுடக்கூடாதுன்னு கூடவே ஓடி வந்திருக்கான். அதுக்குப்போய் அவனைத் துரத்திட்டேன்" என்றார்.

5

முடிவு அ: தம்பி திரும்பி வந்து கடைசிப் பாட்டை வாசிக்கிறார். கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (அப்படியானால் அந்தப் பெண்? இன்னொரு டிரம்மரைத் துரத்துகிற கதை எனக்கு வேண்டாம்.)

முடிவு ஆ: பெரியவர் யாரிடமும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சரிசெய்து, ஆல்பம் வெளிவந்து, ரசிகர்கள்— எழுத மனசு வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். புது டிரம்மரைக் கூப்பிட்டார். "தப்பு என்னுதும்மா. இந்த ஆல்பத்துக்கு நீதான்" என்றார். பிறகு பதிவு அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா. அவர் உதடு அசைவது மட்டும் தெரிகிறது. உள்ளே மைக் திறந்தே இருக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் ஒரு குமிழைக் கொஞ்சம் மேலே தள்ளினால் எல்லாம் கேட்கும். அக்கா அதை முழுக்கக் கீழே இறக்கிவிட்டாள்.

"அடிப்பாவி! கதையோட உயிரே அங்கதானேக்கா இருக்கு!" என்று கத்தினேன்.

"உனக்கும் அவர் வியாதிதான்டா. கோரஸ் வர்றதுக்குள்ள ஓடுற."

கோபம் வந்தது. சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது. ஆகவே குமிழை உங்கள் கையில் விட்டுவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். தள்ளிக் கேட்பதும் கேட்காததும் உங்கள் பாடு. அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் பேசியது கொஞ்சம்தானாம். பிறகு ரொம்ப நேரம் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாராம். நடுவில் ஒருதடவைகூட முந்தவில்லையாம்.