பாட்டுக்கு நடுவே ஒரு வசவு

கரமனை பஸ்ஸில் ஏறும் கல்லூரிப் பயல்களை ஓங்கி அறைந்தால்தான் என்ன? நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஒருவன் பெண்குரலில் கத்துவான்: "நீ செத்தாத்தாம்லே இந்தச் சத்தம் நிக்கும்!" மற்றவர்கள் தலையை ஆட்டி உறுமுவார்கள். முன்சீட்டில் செல்லபாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருப்பாள். அது அவள் சொன்ன வார்த்தை என்று அந்தப் பாவிகளுக்குத் தெரியாது.

அவள் மகன் சஜின் ஹெவி மெட்டல் பாடுகிறவன். பாட்டாம் பாட்டு! தொண்டையில் முள் சிக்கிய நாய்கூட அப்படிக் கத்தாது. அவன் அறைக்குள் பூட்டிக்கொண்டு ரெக்கார்ட் செய்தபோது, பொறுக்கமாட்டாமல் கதவை இடித்து அவள் திட்டியது மைக்கில் விழுந்துவிட்டது. அதையே பாட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் வைத்தான், குறும்புக்காரன். அடுத்த வாரம் பைக் சறுக்கி லாரிக்கடியில் போய்விட்டான். சத்தம் மட்டும் நிற்கவில்லை. கூட்டாளிகள் சிடி போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். வீட்டில் அதை அவள் போட்டதே இல்லை. ஆனாலும் காற்றுக்கு அவன் அறைக்கதவு அசைந்தால் போதும், அவள் வார்த்தை அவளுக்கே கேட்கும்.

இப்போது வீடியோவும் எடுத்துவிட்டார்கள். போனக்காடு மலைப் பனியில், பாடுகிறவன் இடத்தில் வெறும் மைக்கை நிறுத்திய வீடியோ. ஞாயிற்றுக்கிழமை கேபிள் சேனலில் வரும் என்று கேட்டதும் செல்லபாய் தம்பானூருக்கு ஓடினாள். அங்கே லாட்ஜ் மாடியில், எடிட்டிங் அறையில், சஜினோடு கிட்டார் வாசித்த ஜிபின் இருந்தான்.

"மக்களே, அந்த வார்த்தைய வெட்டிக் களஞ்சிரு. எனக்க கருநாக்குதான் அவனக் கொன்னுது. அத டிவியிலயும் போடணுமா?"

"ஆன்ட்டி, அது சஜினுக்க ஐடியாவாக்கும்..." என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "செரி, வெட்டுதேன். ஒருக்கா நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஹெட்போனை மாட்டிவிட்டான். கதவு இடிபட்டது. அந்தச் சனியன் பிடித்த வார்த்தை வந்தது. அதற்கு அடியில், மைக்கை ஒட்டி, எவனோ சிரித்தான். உறுமல் இல்லை. சின்ன வயதில் கிச்சுகிச்சு மூட்டினால் மூக்கால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. செல்லபாய் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இந்தச் சிரிப்ப வச்சுக்கிட்டு, எனக்க சத்தத்த மட்டும் எடுத்துரு மக்களே."

"முடியாது ஆன்ட்டி. ஒத்த மைக்குல விழுந்தது. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணாக் கெடக்கு. எடுத்தா ரெண்டும் போவும்."

அவனுடைய சொந்தக் குரல் அந்தப் பாட்டில் வேறெங்கும் இல்லை. மிச்சமெல்லாம் உறுமல்தான். செல்லபாய் ஹெட்போனைக் கழற்றாமல் வெகுநேரம் அழுதாள். பிறகு வெட்டச் சொல்லாமலே இறங்கிப் போனாள்.

ஞாயிறு மாலை, அக்கம்பக்கத்தார் அவள் வீட்டு டிவிக்கு முன்னால் கூடியிருந்தார்கள். திரையில் பனி, வெறும் மைக், அவள் வசவு. பக்கத்து வீட்டு நேசமணி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா... இது ஒனக்க சத்தம்லா?"

"ஆமா, எனக்க சத்தந்தான். நாந்தான் சொன்னேன்" என்றாள் செல்லபாய், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "பேசாம இரு. இன்னொருக்கா அதச் சொல்லுவேன். அப்பப் பிள்ள சிரிப்பான், கேளு."