அலைக்கு ஆறு துளை

“கம்பளி வேண்டாம் ஆன்ட்டி. மெஷின்ல போட்டா தாங்குற மாதிரி எதையாவது பின்னுங்க” என்று ரோண்டா சொன்னபோது, நான் அக்காவின் கட்டிலோரம் மடியில் நூல் உருண்டையோடு உட்கார்ந்திருந்தேன். நவம்பர் மாதம். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் தண்ணீர் இன்னும் உறையவில்லை. ரோண்டா என் வீட்டுக்காரரின் சித்தப்பா பேத்தி. அக்கா இருக்கிற இந்த முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். தங்கமான பெண்தான். ஆனால் அவள் வாழ்நாளில் பின்னியதெல்லாம் பாத்திரம் தேய்க்கிற துணி. அவளா எனக்கு நூல் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது?

“செயற்கை நூல்ல லேஸ் பின்னினா அதுக்குப் பேரு லேஸ் இல்ல, மீன் வலை” என்றேன்.

“வலையாவே இருந்துட்டுப் போகட்டும். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

சுருக்கென்றது. அக்காவுக்குத் தெரியும் என்று காட்டத்தான் அவளுக்கு ஒரு லேஸ் சால்வை பின்னவே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா முர்டீனாவுக்கு எழுபத்தாறு வயது, எனக்கு ஐந்து வருஷம் மூத்தவள். நினைவு கழன்றுபோய் நாலு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் என் வீட்டில்தான் இருந்தாள். “உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன், நான் இருக்கேன்ல” என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னவள் நான். ஒரு மார்ச் மாதக் காலையில் வீட்டுச் செருப்போடு உறைந்த கடல்மேல் அவள் நடந்து போய்க்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டு மீனவர் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த மாதமே அவளை இங்கே கொண்டுவந்து விட்டேன். எல்லோரும் நான் செய்தது சரி என்றார்கள். சரியாகத்தான் இருக்கும். அதற்காகக் கொடுத்த வாக்கு கொடுக்காத வாக்கு ஆகிவிடுமா?

இங்கே வந்தபின் அவள் என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “வாங்க” என்பாள், “போயிட்டு வாங்க” என்பாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. என் வயிற்றெரிச்சலே அந்த மரியாதைதான். அவள் கைகள் மட்டும் ஓய்வதே இல்லை. போர்வையை, சட்டை நுனியை, எதையாவது நிமிண்டிக்கொண்டே இருப்பாள். அக்டோபரில் ஒருநாள் என் பையிலிருந்து பழைய மாதிரித் துண்டு ஒன்று அவள் மடியில் விழுந்தது. எங்கள் வீட்டு அலைப் பின்னல், அலைக்கு ஆறு துளை. அவள் விரல் அதன்மேல் போனதும் நின்றது. பிறகு ஒவ்வொரு துளையாகத் தொட்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று ஆறு வரை எண்ணி, அடுத்த அலைக்குப் போயிற்று. ஒரு முழுச் சால்வையும் இருந்தால் அந்த விரல் எண்ணிக்கொண்டே போய் எங்கேயாவது ஓரிடத்தில் என்னைத் தொடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான், வேறு எதை நினைப்பது?

எந்த நூல் எந்தப் பின்னலுக்கு என்பதில் எங்கள் ஊரில் அக்காதான் நீதிபதியாக இருந்தாள். உள்ளங்கை அளவுக்குப் பின்னி, நனைத்து, பலகையில் குண்டூசி குத்தி இழுத்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் சால்வையைத் தொடங்குவாள். நானும் அப்படியே செய்தேன். அல்பாக்கா ரோம நூல் பட்டுப்போல இருந்தது, ஆனால் தொங்கிப்போயிற்று. துளைகள் கண்ணீர் வடிகிற மாதிரி கீழே இழுத்துக்கொண்டன. ஊதாவும் பச்சையும் கலந்து கையால் சாயம் போட்ட நூல் ஒன்று வாங்கினேன், விலையைக் கேட்காதீர்கள். அதில் வண்ணம்தான் தெரிந்தது, அலையைக் காணோம். ரோண்டா வாயை அடைப்பதற்காகச் செயற்கை நூலிலும் ஒரு துண்டு பின்னிப் பார்த்தேன். குண்டூசியைப் பிடுங்கியதும் ரப்பர் மாதிரிச் சுருங்கித் துளையெல்லாம் மூடிக்கொண்டது. கடைசியில் ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் மெல்லிய இரண்டு இழை ஆட்டுக் கம்பளி கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஆறு துளையும் ஆறு ஜன்னலாகத் திறந்திருந்தன. இதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். சலவை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே எல்லாம் கொதிக்கிற தண்ணீரில்தான், கம்பளி அதில் சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஆனால் எனக்கு வீம்பு. “கையால் துவைக்கவும்” என்று சிவப்பு நூலில் தைத்துவிட்டால் உலகம் கட்டுப்படும் என்று நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், பாதிச் சால்வை வந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பி வந்து ஊசியை எடுத்தவள் ஓர் அலையில் ஒரு துளையைப் போடாமல் விட்டிருக்கிறேன். நாலு வரிசை தாண்டித்தான் கணக்கில் ஒரு கண்ணி குறைந்தது தெரிந்தது. அக்காவாக இருந்தால் அத்தனையையும் பிரித்திருப்பாள். நான் ஓரத்தில் ஒரு கண்ணியைத் திருட்டுத்தனமாக ஏற்றிச் சரிக்கட்டிவிட்டு மேலே போனேன். யாருக்குத் தெரியப்போகிறது?

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சால்வையை அவள் மடியில் விரித்தேன். அன்றைக்கு நல்ல வெயில். அவள் கை ஓரத்திலிருந்து கிளம்பியது. ஆறு, ஆறு, ஆறு. அரைமணி நேரம் இருக்கும். நடுப்பகுதிக்கு வந்த விரல் நின்றது. பின்னால் போயிற்று, மறுபடி வந்தது.

“இதுல அஞ்சுதான் இருக்கு” என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, “ஒண்ணு விட்டுட்டியேடி ஜோ. உனக்கு எப்பவும் அவசரம்” என்றாள்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் தெரியாது. “ஆமாக்கா, விட்டுட்டேன்” என்றேன். “பிரிச்சிரட்டுமா?”

“இப்ப எதுக்கு? வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். போலாமா?”

‘போலாமா’ என்ற அந்த ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் எழுந்திருக்கவே பார்த்தாள். ரோண்டா வாசலில் நின்று என்னையே பார்த்தாள். ‘வா’ என்று சொல்லி ஒருநாள், ஒரே ஒரு நாள், என் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பயந்துவிட்டேன். திரும்பக் கொண்டுவந்து விடவேண்டுமே, அதற்குப் பயந்தேன்.

“நாளைக்கு வரேன்கா. கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“கோட்டு போட்டு ரெடியா இருக்கேன்” என்றாள்.

அன்று சாயங்காலமே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஆறு நாள். இல்லத்துக்குப் போகிற மலைச்சாலையை மூடிவிட்டார்கள். பனி தள்ளுகிற வண்டியே பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் கோட்டோடு உட்கார்ந்திருப்பாளோ என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். ஏழாம் நாள் போனேன்.

ரோண்டா நடைவழியிலேயே என்னை நிறுத்தினாள். அவள் கண்ணைப் பார்த்ததும் அக்கா போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

“ஆன்ட்டி, என்னாலயும் வேலைக்கு வர முடியல. இங்க மாட்டிக்கிட்ட ரெண்டே பேரு ஆறு நாளும் தூங்காம எல்லாரையும் பாத்துக்கிட்டாங்க. சால்வை மேல சூப்பு கொட்டிருச்சாம். படுக்கை விரிப்போட சேத்து...” முழுதாகச் சொல்லாமல் ஒரு பையை நீட்டினாள்.

உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, சூடான பாத்திரம் பிடிக்கிற துணிபோலத் தடித்து ஒன்று இருந்தது. சிவப்பு எழுத்துகூட அதில் சுருங்கிக் கிடந்தது. ஒரு துளைகூட இல்லை. யாரைத் திட்டுவது? தூக்கமில்லாமல் கிழவிகளுக்குச் சூப்பு ஊட்டிய அந்த இரண்டு பேரையா? நவம்பரிலேயே சொன்னாளே இவள். அக்காவுக்காகத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு பின்னலுக்கு நூல் தேர்ந்தெடுத்தவள் நான்தான்.

அதை அக்காவின் மடியில் வைத்துப் பார்த்தேன். அவள் விரல் அதை ஒரு சுற்றுச் சுற்றியது, உள்ளே போக இடம் இல்லாமல் போர்வைக்கு இறங்கிப்போயிற்று. “வாங்க” என்றாள் என்னிடம்.

அப்படியும் விடவில்லை. அன்று திரும்புகிற வழியிலேயே செயற்கை நூல் வாங்கினேன், அதே கஞ்சி நிறம். தடிமன் ஒத்துவருவதற்காக மூன்று ஊசி மாற்றிப் பார்த்தேன். கையில் அது கிறீச் கிறீச் என்றது. ஏப்ரல் வரை பின்னினேன். பழைய சால்வையில் தவறு விழுந்த இடம் எனக்கு மனப்பாடம்: இடமிருந்து மூன்றாம் அலை. அந்த வரிசை வந்ததும் கதவைச் சாத்தி, தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக ஒரு துளையைப் போடாமல் விட்டேன். நாலு வரிசை தாண்டி ஓரத்தில் ஒரு கண்ணியைத் திருடினேன். வாழ்க்கையில் வேறெந்தச் சரியையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

முடிந்ததும் கட்டிலில் விரித்துக் குண்டூசி குத்தி, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் மேலாகப் பிடித்து ஆவி அடித்தேன். இந்த நூலுக்கு அது ஒன்றுதான் வழி. சூட்டில் லேசாக உருகி, இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். பிறகு சுருங்காது, விரியாது, எத்தனை தரம் துவைத்தாலும் ஒன்றும் ஆகாது. நூலில் இருந்த துள்ளல் மட்டும் போய்விடும். குண்டூசிகளை எடுத்தேன். ஆறு துளையும் திறந்தபடி அசையாமல் கிடந்தன.

அதைக் கொண்டுபோன அன்று துறைமுகத்தில் பனிக்கட்டி போய், கரையில் சிங்கி இறால் பிடிக்கிற கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா இளைத்திருந்தாள். மடியில் விரித்தேன். விரல் கிளம்பியது. எண்ணியதா இல்லையா என்று தெரியவில்லை, உதடு அசையவில்லை. மூன்றாம் அலையைத் தாண்டிப் போயிற்று. நான் அவள் கையை எடுத்து அந்த இடத்திலேயே வைத்தேன். தாண்டிப் போயிற்று. மறுபடி வைத்தேன். மூன்றாவது முறை அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“நல்லா பின்னியிருக்கீங்க. என் தங்கச்சியும் பின்னுவா” என்றாள்.

“அப்படியா?”

“நாளைக்கு வரேன்னு போனா.” ஜன்னலைப் பார்த்தாள். “வரமாட்டா.”

“அக்கா, நான்தான்கா. ஜோ. வந்துட்டேன், பாரு.”

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தெரியாத மனுஷி அழுதால் பார்க்கிற பார்வை. என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“அவளப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. நான் ரெடியாத்தான் இருக்கேன்னு.”

இப்போது ஒவ்வொரு வியாழனும் போகிறேன். அன்றைக்குத்தான் சலவை வரும். போன வாரம் ரோண்டா சால்வையை உலர்த்தும் இயந்திரத்தின் சூடு ஆறாமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “பாத்தீங்களா ஆன்ட்டி, ஒண்ணுமே ஆகல” என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மூன்றாம் அலையில் ஐந்து துளை, வைத்தது வைத்தபடி இருந்தது. அதை அக்காவின் முழங்கால்மேல் போர்த்தினேன். அவள் குனிந்து பார்க்கவில்லை. அவள் கைகள் இரண்டும் நெஞ்சில் இருந்தன. அங்கே இல்லாத பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக மாட்டி, கழுத்து வரைக்கும் வந்து, கடைசிப் பொத்தானையும் மாட்டிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.