நகம் பதியும் பள்ளம்

"அசையாமப் பிடின்னு சொன்னா ஆடிக்கிட்டே இருக்கியே!"

"நானா ஆடுறேன்? நீங்க அடிக்கிற அடியில மேஜையே ஆடுது. விட்டா என்னையும் சேர்த்து ஆணி அடிச்சு மடக்கி வச்சிடுவீங்க போல."

அவள் புருஷன் சிரித்துவிட்டார். ஏழு மாதமாகக் கேட்காத சிரிப்பு. அவளுக்குப் பிடி நழுவப் பார்த்தது, இறுக்கிக்கொண்டாள்.

சமையலறை மேஜையில் நாலாக மடித்த துணி, அதன்மேல் ஓர் இரும்புக் கட்டை, அதன்மேல் முடியும் தறுவாயில் ஒரு மடக்குக் கத்தி. கைப்பிடியை அவள் இரண்டு கையாலும் அழுத்திக்கொள்ள, அவர் இடது கையால் சின்னச் சுத்தியலை எடுத்து ஆணியின் தலையைத் தட்டிப் பரப்பினார். பலமாகத் தட்டினால் அலகு இறுகிக்கொள்ளும். மெல்லத் தட்டினால் தொளதொளவென்று தானாக விழும். இரண்டு தட்டு தட்டுவார், திறப்பார், மூடுவார், மறுபடி ஒரு தட்டு.

அவருடைய வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை.

கத்திக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் தகடு வெட்டும் மெஷினில் நின்றவர். கைக்காப்பாக மெஷினில் மாட்டியிருந்த மஞ்சள் கம்பிக் கூண்டு இருந்தால் வேலை சுணங்குகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொன்ன மூன்றாவது வாரம் விரல்கள் போயின. ஆறிய பிறகு நாலு தடவை கேட்டில் போய் நின்றார். நாலாவது தடவைதான் சூப்பர்வைசர் வெளியே வந்தார். "அலகையும் பிடியையும் சேர்த்துக் கத்தி பூட்டுற இடத்துல ஒரு ஆள் வேணும். உன் கை ஆகுமான்னு மேல கேப்பாங்க. வீட்டுலயே கையால ஒரு மடக்குக் கத்தி செஞ்சு கொண்டா. திங்கக்கிழமைக்குள்ள. பார்க்கலாம்."

"பார்க்கலாம்னு சொன்னவங்க யாரு பார்த்திருக்காங்க?" என்றாள் அவள், அன்று.

"நீ வாயை வைக்காத" என்றார். ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முறிந்த ரம்பத் துண்டு ஒன்று பரணில் கிடந்தது. அதிலிருந்து அலகை அறுத்தெடுக்கவே ஒரு நாள் ஆயிற்று. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, இடது கையால் அரம் போட்டார். நாற்காலியின் காலை அறுத்துக் கைப்பிடி செய்து, நடுவில் அலகு உட்காரப் பிளந்தார்.

"வீட்டுல உட்கார இருந்ததே அது ஒண்ணுதான்."

"வேலைக்குப் போறவனுக்கு நாற்காலி எதுக்குடி?"

அலகின் முதுகோரம், திறக்கும்போது நகம் பதிவதற்காக அரத்தின் விளிம்பால் ஒரு சின்னப் பள்ளம் எடுத்தார். மிச்சமிருந்த ஒரே கட்டைவிரலின் நகத்தை வைத்து வைத்துப் பார்த்து, பிறை மாதிரி வரும்வரை விடவில்லை. பிறகு அலகை அடுப்பில் செக்கச்செவேலென்று பழுக்கவிட்டு, அவள் எடுத்து வைத்த எண்ணெய் டப்பாவில் முக்கினார். வீடெல்லாம் புகை. துடைத்து, மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்தார்.

"இனிமே அரம் கூட இதுமேல வழுக்கும்" என்றார்.

திங்கட்கிழமை காலை அவரே முகம் மழித்துக்கொண்டார். மோவாயில் இரண்டு இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. உள்ளே எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு சட்டை தேடினார். துடைத்துத் துணியில் சுற்றி வைக்கலாமென்று அவள் கத்தியை எடுத்தாள். இடது கையில் கைப்பிடியைப் பிடித்து, வலது கட்டைவிரலால் திறக்கப் போனாள். நகம் வழுக்கியது. மறுபடி வைத்தாள். வெறும் வழவழப்பான இரும்பு. முதுகும் ஒரு நூல்தான் வெளியே தெரிந்தது, பிடித்து இழுக்க முடியவில்லை.

திருப்பிப் பார்த்தாள். பள்ளம் அந்தப் பக்கம் இருந்தது.

அரத்தை எடுத்து இந்தப் பக்கம் ஓர் இழுப்பு இழுத்தாள். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. வாங்க, பட்டன் போட்டு விடுறேன்."

பட்டன் போடும்போது அவர் கேட்டார், "எப்படி இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கீங்க."

"என்னைக் கேட்கல. கத்தியை."

"நல்லா இருக்குங்க" என்றாள். "நானும் கூட வரேன்."

சூப்பர்வைசரின் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அடியில் மஞ்சள் வண்ணம் அடித்த ஒரு கம்பிக் கூண்டை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். சூப்பர்வைசர் கத்தியை வெளிச்சத்தில் பிடித்தார். ஆணித் தலையைத் தடவினார்.

"அட, கைவேலைன்னு சொன்னாத்தான் தெரியும்" என்று சொல்லி, கட்டைவிரல் நகத்தை வைத்தார். வழுக்கியது. சிரித்தார். மறுபடி வைத்தார். "எங்கப்பா திறக்கிறது இதை? பசை போட்டு ஒட்டிட்டியா?"

"நகத்தை வச்சு இழுங்க சார், வெண்ணெய் மாதிரி வரும்."

"வைக்கிறதுக்கு இடம் இருந்தாத்தானே?"

"கொடுங்க சார்."

அவர் வாங்கினார். வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரலுக்குள் கைப்பிடியை வைத்துக்கொண்டு, பார்க்காமலே இடது நகத்தை வைத்தார். அலகு சத்தமில்லாமல் முழுசாக வெளியே வந்து நின்றது. அப்புறம்தான் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேலை சுத்தம்பா. நான் குறை சொல்ல மாட்டேன்" என்றார் சூப்பர்வைசர். "ஆனா இது உன் கைக்கு ஆன கத்தி. இங்க பூட்டுற மெஷினுக்கெல்லாம் பிடி வலது பக்கம்தான். உனக்காகத் திருப்பி வைக்க முடியுமா, சொல்லு?"

கத்தியை மடக்கி மேஜையில் வைத்தார் அவர். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். காலையில் அரம் வழுக்கிய சத்தம் என்ன என்று அவருக்கு இப்போது புரிந்திருந்தது. அவள் தலையைக் குனியவில்லை. மேஜையருகே வந்து, கத்தியை எடுத்து, பள்ளம் இருக்கும் பக்கம் தெரியும்படி சூப்பர்வைசர் முன்னால் நீட்டினாள். வெளியே சங்கு ஊதியது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துகொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு தடவை, உங்க இடது கையால திறந்து பாருங்க சார்."