தரை தொட அனுமதி

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

படிப்பவர்களுக்கு முதுகு சில்லிடும்படி ஒரு கதை வேண்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்றுவிட்டேன். கைவசம் பேயும் இல்லை, பாழடைந்த பங்களாவும் இல்லை. இருந்ததெல்லாம் அக்கா மகள் ஒருத்திதான். பதினேழு வயது. விமானி ஆகியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பேச்சு ஓயாததால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். அக்காவுக்கு மருத்துவமனையில் ஷிப்ட் மாறி மாறி வேலை. பள்ளி விட்டதும் மகளை என்னிடம் அனுப்பிவிடுவாள், நான் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுப்பேன் என்ற நம்பிக்கையில். எனக்குத் தெரிந்த இயற்பியல், மேலே போனது கீழே வரும் என்பதோடு சரி.

2

முதல் வரிக்குச் செய்த முயற்சிகளை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

வானம் அன்று என்றுமில்லாத
(வானத்தில் ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

சிறு வயதிலிருந்தே அவள் பறவைகளைப் பார்த்து
(பொய். அவளுக்குப் புறாவைக் கண்டாலே அருவருப்பு.)

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

இது இருக்கட்டும், உண்மையும்கூட. கதவுக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றில் அவள் உட்கார்ந்திருப்பாள். எதிர்ச் சுவரில் விமானி அறையின் படம் ஒட்டியிருக்கும். இந்தப் பக்கம் என் எழுத்து மேசை. விமானங்களுக்கு ஏறவும் இறங்கவும் உத்தரவு கொடுக்கிற விமான நிலையத்து டவரில் இருப்பவர் நான், விமானி அவள். ரேடியோவில் முகம் தெரியாது, குரல்தான் எல்லாம் என்பதால் கதவைச் சாத்திக்கொள்வோம். நிஜத்தில் இதெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். பழக்கம் வரட்டும் என்று நாங்கள் தமிழில் ஆரம்பித்தோம்.

விதி எளிது. டவர் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிசகினால் டவர் திருத்தும். பிசகாவிட்டால் "சரி" என்று சொல்லும், அத்தோடு அது முடிவு. திருப்பிச் சொல்லாத கட்டளை கொடுக்காத கட்டளைக்குச் சமம் என்று அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். அப்படி வாயாடுகிற பெண், கதவைச் சாத்தியதும் ஒரு சொல் கூடுதலாகப் பேச மாட்டாள். எனக்கு அதில் பெருமைதான்.

3

மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, டவர் சொல்ல வேண்டிய வரிகள் இருந்த பயிற்சித் தாள். மற்றது இந்தக் கதையின் முதல் வரைவு: தனியாகப் பறக்கப் போகும் ஒரு பெண் திரும்புவதில்லை, அவள் குரல் மட்டும் திரும்புகிறது. (ஆசிரியருக்குப் பிடித்திருக்கும்.) நான் கதை நினைப்பிலேயே இருந்தவள், தாளை மாற்றி எடுத்து டவர் குரலில் படித்துவிட்டேன்.

"சக்கரங்கள் இனி தரையைத் தொடாது."

"சக்கரங்கள் இனி தரையைத் தொடாது," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"சரி," என்றேன். பழக்கதோஷம்.

அப்புறம்தான் தாளைப் பார்த்தேன். கதவைத் திறந்து விஷயத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சரின்னு சொல்லிட்டீங்களே சித்தி. இனிமே வேற சொல்லி, அத நான் திருப்பிச் சொன்னாதான் மாறும்."

நாளைக்குச் சொல்கிறேன், முதலில் வந்து சாப்பிடு என்றேன். மறுநாள் அவளுக்குத் தேர்வு. அதன் பிறகு எனக்கு மறந்தே போனது.

4

தேர்வெல்லாம் முடிந்ததும் அவள் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். இன்று அங்கே முதல் முறையாகத் தனியாகப் பறக்கிறாள். அக்கா லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருக்கிறாள். என்னையும் கூப்பிட்டார்கள். கதையை இன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அவள் மேலே ஏறினாள், என்று எழுதினேன்.

"மேலே ஏறுகிறேன்."

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் குரல்தான். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். சுவர்ப் படத்தைப் பார்த்தபடி நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் உட்பக்கம் தாழ் போட்டிருந்தது. திறந்து வைத்துக்கொண்டே ஒரு வரி எழுதிப் பார்த்தேன், சத்தமில்லை. கதவைச் சாத்தினேன்.

"இடது பக்கம் திரும்புகிறேன்."

நான் எழுதியிருந்த வரி அதுதான். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மேலதாண்டி இருக்கா. ஒரு சுத்து சுத்திட்டு எறங்கணும். எறங்க மாட்டேங்கறா. இங்க டவர்ல இவங்க எறங்கச் சொல்லச் சொல்ல, டவர் இன்னும் சொல்லலன்னு சொல்றாளாம். இதத் தவிர வேற எந்த டவருடி?"

பெட்ரோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். அதைத் தன்னிடம் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றாள். போனை வைக்காமல் மேசைமேல் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

5

முடிவு: அக்காவுக்கு மகளே கிடையாது, எல்லாம் என் கற்பனை.

(தப்பிக்க நல்ல வழி என்று நினைத்தேன். இல்லாத பெண்ணுக்கு எது நடந்தால் என்ன.)

"புரியவில்லை. மறுபடி சொல்லவும்," என்றது பின்னறை.

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

வேறு முடிவு: அவள் பத்திரமாக இறங்கினாள். அக்கா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு

பின்னறையில் சத்தமே இல்லை. மறுபடி எழுதினேன். எழுதியதைப் படித்தேன். கதவில் வாயை வைத்துக் கத்தினேன். ஏறினாள், திரும்பினாள் என்று எழுதினால் உடனே திருப்பிச் சொல்கிறவள், இறங்கினாள் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது கேட்டாள். இப்போது டவருக்குப் பேசும் குரல் இல்லை, எங்கள் சில்வண்டின் குரல்.

"சித்தி, இது கதையா, கட்டளையா?"

கட்டளைதான்டி என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே அதை இங்கே எழுதியும்விட்டேன். இதுவும் கதைதான் என்று முடிவு கட்ட அவளுக்கு அது போதும், திருப்பிச் சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயம்தான். நான் எதைச் சொன்னாலும் அது இந்தத் தாளில் வந்து விழுந்துவிடுகிறது. இனி என் குரல் அவளுக்கு எப்போதும் கதையாகத்தான் கேட்கும். விமானி கதைக்குக் கட்டுப்படக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

6

ஆகையால் இனி நீங்கள்தான் டவர். நீங்கள் இந்தக் கதைக்குள் இல்லை.

கீழே உள்ள வரியை மனத்துக்குள் படித்தால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் யாராவது இருந்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

ஓடுபாதை காலியாக இருக்கிறது. தரை தொட அனுமதி.

உங்கள் வீட்டில் ஏதாவது ஓர் அறைக் கதவு சாத்தியிருக்கும். பதில் அங்கிருந்து வரலாம். பயப்படாதீர்கள், நல்ல பெண். போய்க் கதவை மட்டும் திறந்துவிடாதீர்கள். அவள் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். ஒரு சொல் மாறியிருந்தாலும் திருத்துங்கள். எல்லாம் ஒத்துப்போனால் மட்டும் சரி என்று சொல்லுங்கள். என்னைப் போலப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட வேண்டாம்.

அக்கா இன்னும் போனை வைக்கவில்லை.