ஃபார்மலினில் விழுந்த தோல்

பதினொரு வருட ஆய்வகப் பழக்கம் அக்காவின் காலை வாரிவிட்டது. தங்கையின் முன்கையிலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்த மிளகளவுத் தோலை அப்போதே உறையவைத்திருக்க வேண்டும். மகராசி, தினமும் செய்வதுபோல் சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, மூடி, லேபிளும் ஒட்டிவிட்டாள். பக்கத்து மேசையில் ஐஸ் பெட்டி புகைவதைப் பார்த்த பிறகுதான் செய்த தப்பு அவளுக்கு உறைத்தது.

இத்தனைக்கும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள் அவள்தான். தங்கைக்கு வந்திருக்கும் லூபஸ் நோயில் உடம்பைக் காக்க வேண்டிய செல்களே சொந்தத் தோலைப் பதம் பார்க்கும். அந்தச் செல்களின் மேலுள்ள சேதி வாங்கும் ஓர் ஏற்பியை அடைத்து அவற்றை அடக்கப் பார்க்கிறது புது மருந்து. தோலில் அந்த ஏற்பி தெரிந்தால்தான் மருந்துச் சோதனையில் இடம் கிடைக்கும். உறையவைத்த தோலில் மட்டும்தான் அது சாயம் ஏறித் தெரியும். ஃபார்மலின் பட்டால் போச்சு. பெயர் சேர்க்க இன்றுதான் கடைசி நாள், மற்ற மருந்துகளெல்லாம் தங்கையை எப்போதோ கைவிட்டுவிட்டன.

"இன்னொரு துண்டு எடுக்க முடியுமா டாக்டர்?"

"கையில புதுசா வந்த தடிப்பு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஆறின தழும்பு. இனிமே எடுக்கணும்னா கன்னத்துலதான் எடுக்கணும். தழும்பு நிக்கும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முகத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடுதான் தங்கை வந்திருந்தாள். நேற்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவளும் இவளேதான்.

அடுத்த அறையில் தங்கை முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடி இரண்டு வருடமாகிறது.

"முடிஞ்சுதாக்கா? அவ்வளவா வலிக்கல."

"நான் தப்புப் பண்ணிட்டேன்டி. ஐஸ் பெட்டில வைக்காம தப்பான பாட்டில்ல போட்டுட்டேன். திரும்ப எடுக்கணும். முகத்துல."

தங்கை கையில் போட்டிருந்த கட்டை ஒருமுறை தடவினாள். பிறகு முகக்கவசத்தைக் கழற்றி மடித்து மடியில் வைத்தாள். இரண்டு கன்னமும் சிவந்து தடித்திருந்தன.

"டாக்டரை வரச் சொல்லு. ஐஸ் பெட்டிய நானே மடியில வச்சுக்கறேன்."

அக்கா பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். ஆறுதலாகத் தோளைத் தொடக் கை நீட்டினாள்.

தங்கை தோளை நகர்த்திக்கொண்டாள்.

"நீ வெளிய இரு, அக்கா. இந்தத் தடவ நீ எதையும் தொட வேண்டாம்."