பத்தில் இரண்டு மில்லிமீற்றர்

கிளெமென்ற் அண்ணை செத்து ஏழு கிழமைக்குப் பிறகு, பட்டறையில் அவர் நின்று குழல் கடைந்த லேத் என் கைக்கு வந்தது. அது 2006 ஒக்ரோபர். புலம்பெயர்ந்த நாட்டில், அல்னாபுரு என்ற இடத்தில், நாலு பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறை. வேட்டைக்கும் போட்டிக்கும் துப்பாக்கி செய்கிறோம். என் பெயர் ஞானரட்ணம். பதினைந்து வருசமாக அங்கே மில்லிங் இயந்திரத்தில் நின்றவன். என் வேலையில் யாராவது பிழை பிடித்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

லேத்தில் நான் முதலில் ஏற்றியது கிளெமென்ற்றின் மகள் சிந்தியாவின் துப்பாக்கிக் குழலை. பக்கத்துப் புருசெத்தில் இருக்கிற பிள்ளை, கிளப்புக்காகச் சுடுகிறவள், சனிக்கிழமை அவளுக்குப் போட்டி. புதுக் குழல் போட்டுத் தருவதாகச் சொன்ன தகப்பன் அதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் முடித்துத் தருகிறேன் என்று செத்தவீட்டிலேயே சொல்லியிருந்தேன்.

குழலின் பின்பக்கம் தோட்டா உட்காருவதற்கு ஓர் அறை குடைய வேண்டும். அதன் ஆழம் கூடினால் சுடும்போது தோட்டாவின் கோது பிளந்து, நெருப்புக்காற்று சுடுகிறவரின் கண்ணுக்கு வரும். அதனால் எங்கள் பட்டறையில் கடைசி வெட்டை மாலையில் வெட்டுவதில்லை. ஆழம் குறைந்ததா கூடியதா என்று காட்டுகிற இரண்டு அளவுகட்டைகளையும் போட்டுப் பார்த்து, கத்தி மேலே போகாமல் தடுக்கிற நிறுத்தத்தை வெட்ட வேண்டிய ஆழத்தில் இறுக்கிவிட்டுப் போவோம். இரும்பு ஆறிய பிறகு காலையில் வெட்டுவோம்.

செவ்வாய் மாலை இறுக்கினேன். புதன் காலை பார்த்தால் நிறுத்தம் பத்தில் இரண்டு மில்லிமீற்றர் பின்வாங்கியிருந்தது, ஆழம் குறைகிற பக்கமாக. பக்கத்தில் வேலை செய்கிற போலந்துக்காரனைப் பிடித்து ஏசினேன். அவன் தொடவேயில்லை என்று சத்தியம் பண்ணினான். திரும்ப இறுக்கினேன். வியாழன் காலையும் அதே பத்தில் இரண்டு. குளிரில் இரும்பு நகரும்தான், ஆனால் இரண்டு நாளும் அச்சொட்டாக ஒரே அளவு நகராது. நான் இறுக்கிவிட்டு வலப்பக்கம் வைத்த திருகுசாவி இடப்பக்கம் கிடந்தது. கிளெமென்ற் இடக்கைக்காரர்.

அன்று மாலை திருகுசாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டறைக் கதவையும் நானே பூட்டினேன். வெள்ளி காலையும் பத்தில் இரண்டு. பயத்தை மீறிக் கோபம் வந்தது. செத்தும் என் வேலையில் பிழை பிடிக்கிறீர்களோ என்று வெறும் இயந்திரத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, என் அளவுக்கே வெட்டினேன். உருக்கை வெட்டும்போது எப்போதும் ஒரு கீச்சுச் சத்தம் வரும். அன்று வரவில்லை. இரண்டு அளவுகட்டைகளும் எல்லாம் சரி என்றன. பின்னேரம் சிந்தியா வந்து, தகப்பனின் லேத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துப் போனாள்.

சனி காலை வேறொரு குழலை வெட்டுவதற்காகப் போனேன். அதற்காக நேற்று மாலை இறுக்கிய நிறுத்தம் இறுக்கிய இடத்திலேயே இருந்தது. ஒரு மயிரிழையும் அசையவில்லை. உண்மையாகவே பயந்தது அப்போதுதான். இவ்வளவு நாளும் இங்கே நின்றவர் இன்று இங்கே இல்லை. அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் போய்விட்டார்.

அளவுகட்டைப் பெட்டியை யன்னலடிக்குக் கொண்டுபோனேன். போன திங்கட்கிழமை விசயதசமி. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனப்பொட்டு வைத்தவன், இந்தப் பெட்டிக்கு மட்டும் முதலாளியின் கண்ணில் படக்கூடாது என்று மூடியின் உட்பக்கம் இழுத்துவிட்டேன். ஈரம் காயமுதல் மூடியும் விட்டேன். நிமிர்ந்து நிற்கிற இரண்டு கட்டைகளின் தலையிலும் சந்தனம் ஒட்டிக் காய்ந்திருந்தது. எண்ணெய் பூசிய உருக்கில் அந்த மஞ்சள் இவ்வளவு நாளும் என் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு அளப்பதற்கு எனக்குப் பொறுமையும் இருந்ததில்லை. அந்தப் பூச்சின் தடிப்பை மைக்ரோமீற்றர் வைத்து அளந்தேன். பத்தில் இரண்டு.

கட்டைகள் அவ்வளவால் நீண்டிருக்க, அவளுடைய அறையை நான் அவ்வளவு கூடுதல் ஆழமாக வெட்டியிருந்தேன். சிந்தியா தொலைபேசியை எடுக்கவில்லை. காரை விரட்டிக்கொண்டு நகருக்கு வெளியே இருந்த சுடும் மைதானத்துக்குப் போனேன். அவள் சுடுகிற இடத்தில் முகம் வாடி நின்றாள். இரண்டு கண்ணும் இருந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துப்பாக்கி பாயில் இலக்கைப் பார்த்தபடி கிடந்தது. முதல் தோட்டாவைப் போட்டு, பின்னால் கதவு மாதிரி மூடுகிற போல்ற்றைத் தள்ளியிருக்கிறாள். பாதியில் நின்றுவிட்டதாம். மூன்று ஆம்பிளைகள் முயன்றும் முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லையாம். நேற்று என் மேசையில் வழுக்கிக்கொண்டு ஓடிய போல்ற் அது.

நான் பக்கத்தில் முழங்காலிட்டுப் போல்ற்றைப் பிடித்தேன். இரும்பு இறுகிய மாதிரி இல்லை. மற்றப் பக்கத்திலிருந்து ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"அண்ணை, பிழை என்ரைதான்," என்றேன். பதினைந்து வருசத்தில் ஒருவருக்கும் சொல்லாத சொல். "விடுங்கோ. இதாலை பிள்ளையைச் சுட விடமாட்டன்."

நான் இழுக்கவில்லை. போல்ற் மெல்லப் பின்னால் வந்தது. தோட்டா பாயில் விழுந்தது.

சிந்தியா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவோடையோ கதைச்சனீங்கள், மாமா?"

"ஓம்."

"எனக்கு ஏதும் சொன்னவரோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கிழமை முழுக்கச் சொன்னவர், பிள்ளை. நான்தான் கேக்கேல்லை."