லைட்டைப் போடுங்க

படம் ஓடாமல் பூட்டிக் கிடந்த தியேட்டரைப் பேய் மாளிகையாக மாற்றியபோது முதலில் வேலைக்கு எடுக்கப்பட்டவள் முட்டக்கண்ணு. அந்தப் பெயரை வைத்தவர் மேனேஜர். வேலை கேட்டு வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்ணை நல்லா முழிச்சுக் காட்டும்மா" என்றார். காட்டினாள். "போதும் போதும், எனக்கே வயித்தைக் கலக்குது. நாளைக்கே வந்துடு" என்றார். வீட்டில் அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இத்தனை வருஷமா எங்களைச் சும்மாவே முறைச்சே. இனிமே அதுக்குச் சம்பளமா?"

கீழ்த்தள இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, பிளைவுட் தடுப்புகளும் கறுப்புத் துணியுமாக வளைந்து வளைந்து போகும் இருட்டுப் பாதை போட்டிருந்தார்கள். புகை வரும், கதவு தானாகத் திறக்கும், தலைக்கு மேலிருந்து ஈரத்துணி வந்து முகத்தில் உரசும். அதையெல்லாம் தாண்டிப் படியேறினால் பால்கனி. அங்கே மட்டும் பழைய இருக்கைகள் அப்படியே இருந்தன. கடைசி வரிசையில் பொம்மைகள் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் அவற்றுக்கு நடுவே காலியாக இருக்கும் இடங்களில் உட்கார வேண்டும். பொம்மைகளில் ஒன்று முட்டக்கண்ணு. நீளமான பொய்முடியால் முகத்தை மூடிக்கொண்டு மூச்சுக்கூடத் தெரியாமல் இருப்பாள். திரையில் ஒரு வெளிச்சம் வெட்டியதும் பக்கத்தில் இருப்பவர் பக்கம் மெல்லத் திரும்பி, கண்ணை விரித்து, தொண்டை கிழியக் கத்துவாள். அதோடு பெரும்பாலானவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

ஓடாத ஒருவர் இருந்தார். அங்கே வேலை செய்கிற எல்லோரும் அவரை 'ரசிகர்' என்றுதான் சொல்வார்கள். பருத்த உடம்பு, வெள்ளந்தியான சிரிப்பு. விடுமுறை நாளென்றால் மத்தியானமே வந்துவிடுவார். மனைவியும் கூட வருவாள். ஆனால் உள்ளே வரமாட்டாள். "எனக்கு இந்தக் கர்மமெல்லாம் ஆகாது, நீங்க போய்ட்டு வாங்க" என்று டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். இவர் நேராகப் பால்கனிக்கு வந்து முட்டக்கண்ணுவின் பக்கத்து இருக்கையில் சாய்வார். "என்னம்மா பேயே, சௌக்கியமா?" என்று கிசுகிசுப்பார். முடிக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வாள். கத்தி முடித்ததும் மதிப்பெண் போடுவார். "போன தடவையைவிட நல்லா இருந்துச்சு. ஆனா கொஞ்சம் சீக்கிரமா திரும்பிட்டே."

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். ஆனால் சௌக்கியம் கேட்கவில்லை. மாடிப்படி ஏறிய இளைப்பு என்று அவள் நினைத்தாள். வெளிச்சம் வெட்டியது. திரும்பிக் கத்தினாள். அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"லைட்டைப் போடுங்க" என்றார்.

அந்த வரிசையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அங்கே வருகிறவர்களில் யாராவது ஒருவர் தினமும் அதைச் சொல்வது வழக்கம். அவளும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டு, இன்னும் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மறுபடி கத்தினாள். அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. பிடி தளர்ந்து, கை கனமாக அவள் மடியில் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முடியை விலக்கக்கூடத் தோன்றாமல் படியில் இறங்கி ஓடினாள். "நிஜம், நிஜம், லைட்டைப் போடுங்க!" என்று அலறினாள். பாதையில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கை தட்டினார்கள். ஒரு பெண் அவளைப் படம் பிடித்தாள். மேனேஜருக்கு விஷயம் புரிந்து, விளக்கெல்லாம் எரிந்து, ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதயம் ஏற்கெனவே பழுதாக இருந்ததாகவும், வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் நடந்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னதாக மேனேஜர் எல்லோரிடமும் சொன்னார். எப்படி நடந்தது என்று அவர் கேட்டபோது முட்டக்கண்ணு, ரசிகர் கடைசியாகச் சொன்னதைச் சொன்னாள். வீட்டில் அண்ணி ரசம் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அன்று முழுக்க ஒரு கிண்டலும் செய்யவில்லை.

கொஞ்ச நாள் மூடியிருந்துவிட்டு மறுபடி திறந்தார்கள். வெளியே கூட்டம் தாங்கவில்லை. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எந்த சீட்டு?"

மேனேஜர் அந்த இருக்கைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு மாட்டினார். இருக்கைக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வைத்தார். முட்டக்கண்ணு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் கூட்டம் வந்தது. வெளிச்சம் வெட்டியதும், காலடியிலிருந்து ஒரு ஆண் குரல் இளைத்து இளைத்துச் சொன்னது: "லைட்டைப் போடுங்க..."

அவளுக்குக் கத்த வரவில்லை.

இடைவேளையில் மேனேஜரிடம் போனாள். "சார், அது வேணாம் சார்."

"நான் மட்டும் ஆசைப்பட்டா வச்சேன்? ஜனங்க அதைத்தானேம்மா கேக்குது. அந்த ஆளே இருந்திருந்தா கைதட்டியிருப்பார்."

அது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் கைதட்டக்கூடியவர்தான். அந்த நினைப்பு அவளை இன்னும் வதைத்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தாள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் எத்தனை நாள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது?

ஒரு மத்தியானம் கூட்டம் குறைவாக இருந்தது. ஒரு பெண்மணி தனியாகப் படியேறி வந்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டே ஏறினாள். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் முட்டக்கண்ணுவுக்கு அடையாளம் தெரிந்தது. ரசிகரின் மனைவி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள். நேராக அந்த இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். ஓடிப்போய்விடலாமா என்று முட்டக்கண்ணு நினைத்தாள். அதற்குள் வெளிச்சம் வெட்டியது. அவள் திரும்பவில்லை, கத்தவில்லை. ஸ்பீக்கர் தன் வேலையைச் செய்தது.

"லைட்டைப் போடுங்க..."

அந்தப் பெண்மணி குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தாள்.

"குரல் அவரோடது இல்ல" என்றாள் அந்தப் பெண்மணி மெதுவாக. "அந்த வார்த்தை அவரோடதா?"

முட்டக்கண்ணு முகத்திலிருந்து முடியை விலக்கினாள். "ஆமாக்கா."

"யாருமே எங்கிட்ட சொல்லலையே."

"எனக்கு உங்க வீட்டுக்கு வர தைரியம் இல்லக்கா."

"நான் வெளியே உக்காந்திருந்தேன். அவர் கத்தினது கேட்டுச்சு. டிக்கெட் குடுக்கற பொண்ணுகிட்ட, 'பாரு, இன்னிக்கு எங்க வீட்டுக்காரரையே மிரட்டிட்டாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னமும் காதுல விழுது. தூங்க விடமாட்டேங்குது."

"அக்கா, அவர் கத்தவே இல்ல. அது நான்."

அந்தப் பெண்மணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா?"

"நான்தான் கத்தினேன். அவர் இது ஒண்ணுதான் சொன்னார், அதுவும் மெதுவா. என் கையைப் பிடிச்சிருந்தார். எனக்குப் புரியலக்கா. விளையாடறார்னு நெனச்சு இன்னொரு தடவையும் கத்தினேன்."

திட்டுவாள், அடிப்பாள், என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று முட்டக்கண்ணு தலை குனிந்து இருந்தாள். அந்தப் பெண்மணி அவள் கையை எடுத்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கையா?"

"ஆமா."

"அப்ப அவர் தனியா இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "லைட்டைப் போடச் சொல்லும்மா. நான் இந்த இடத்தைப் பாக்கணும்" என்றாள்.

முட்டக்கண்ணு வாக்கிடாக்கியில் சொன்னாள். "உள்ளே ஆள் இருக்காங்க, முடியாது" என்று மேனேஜர் குரல் வந்தது. அவள் வாக்கிடாக்கியை இருக்கையில் போட்டுவிட்டு, பழைய ஆபரேட்டர் அறைக்குப் போய் மெயின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கீழே பாதையில் நின்றவர்கள் ஏமாந்துபோய்க் கூச்சல் போட்டார்கள்.

வெளிச்சத்தில் பால்கனி அற்பமாக இருந்தது. கிழிந்த ரெக்ஸின், வெளியே தள்ளிய பஞ்சு, கைப்பிடிக்கு அடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம், மூக்கு உடைந்த பொம்மைகள். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். "இதுக்கா நான் இத்தனை நாள் பயந்துட்டு வெளியே உக்காந்திருந்தேன்" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். முட்டக்கண்ணு பக்கத்தில் நின்றாள், முகத்தில் பூசிய சுண்ணாம்பு நிறம் கோடு கோடாக வழிய.

கோபமாக ஏறி வந்த மேனேஜர் யாரென்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தக் குரலை மட்டும் எடுத்துடுங்க" என்றாள் அந்தப் பெண்மணி. "வேற ஒண்ணும் கேக்கல."

"எடுத்துடறேம்மா. சத்தியமா" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

எடுக்கவும் செய்தார். ஆனால் ஸ்பீக்கரை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அதிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. ஒரு பெண் விம்மி விம்மி அழும் சத்தம். முட்டக்கண்ணு முழுவதும் கேட்டாள். முடியைக் கழற்றிப் பொம்மையின் மடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கினாள். அடுத்த வாரமே அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். கூட்டம் குறையவில்லை.

இப்போது ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். "அங்கேயும் பயந்துகிட்டுதானே வர்றாங்க, உனக்கு ராசியான தொழில்" என்று அண்ணி மறுபடி கிண்டல் செய்ய ஆரம்பித்திருக்கிறாள்.

ஒரு நாள் ரசிகரின் மனைவி போன் செய்தாள். அவர் சேர்த்து வைத்த பேய்ப் படங்கள் அலமாரி நிறைய இருக்கின்றனவாம், ஒன்றையாவது பார்க்க வேண்டுமாம், தனியாகப் பார்க்க முடியவில்லையாம். முட்டக்கண்ணு போனாள். இருவரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். அக்கா தலையணையை மடியில் இறுக்கிக்கொண்டு, விரல் இடுக்கில் பார்த்தாள். படத்தில் ஒரு வீணை நரம்பு அறுந்தது போன்ற ஓசை எழுந்ததும், கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சமையலறையில இருந்து கேட்டிருக்கேன். இதுக்கப்புறம்தான் அவர் சிரிப்பார்."

இருவரும் காத்திருந்தார்கள். திரையில் ஒருத்தி படியில் உருண்டு விழுந்தாள். கதவு ஒன்று மெல்லச் சாத்திக்கொண்டது.